ஸ்டெல்லாவின் லீவு ரிகர்சல்

எங்கள் மாடிப்படியில் இருந்த சிவப்பு பல்பு ஒன்று, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியானம் காணாமல் போய்விட்டது.

பல்பு காணாமல் போவதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த பல்பில் ஒரு பெண்ணின் லீவு தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலிபாளையத்தில் என் தையல் யூனிட் இருப்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். கீழே ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்கள். மேலே ஒரு ஹால். முன்பு நூல் மூட்டை போட்டு வைத்திருந்தோம். பிறகு அதைக் கதிர்வேல் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா பனியன் கம்பெனி நடத்துகிறார். இவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கம்பெனியில் உட்கார மாட்டேன் என்று சாஃப்ட்வேர் பக்கம் வந்துவிட்டார். ஒரு ஆர்டர் கட்டிங்கில் தொடங்கி அட்டைப்பெட்டியில் ஏறுகிற வரைக்கும் கணக்கு வைக்கிற புரோகிராம் ஒன்றை எழுதி, ஃபேக்டரிகளுக்குக் கொடுக்கிறார். நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள்.

அந்த நாலைந்து பேரில் ஒருத்திதான் ஸ்டெல்லா. நாசரேத் பக்கத்துப் பெண். பெயரில் தனி பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் இல்லாவிட்டால் மாடியில் ஒரு சிடி கூட வெளியே போகாது.

எப்படி என்று கேட்டேன் ஒருநாள். என் தலைக்கு ஏறுகிற மாதிரி அவளே சொன்னாள். புரோகிராமை எல்லோரும் துண்டு துண்டாக எழுதுகிறார்கள். எழுதியதைப் பென் டிரைவில் கொண்டுவந்து இவளிடம் கொடுக்கிறார்கள். இவள் தன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒட்டி, ஓட்டிப் பார்த்து, முட்டுகிற இடத்தைச் சரிசெய்து, சிடி போட்டுக் கொடுக்கிறாள். எந்தத் துண்டு புதுசு, எது பழசு, யார் எதைத் தொட்டார்கள்... எல்லாம் இவள் தலைக்குள்தான்.

"கையி ஒருத்தன் தைக்கான், காலர் ஒருத்தன் தைக்கான். சேத்து சட்டையாக்குறது நான் ஒருத்தி, அண்ணாச்சி" என்றாள்.

அதனால் என்ன ஆயிற்று? இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. வருஷக் கடைசியில்தான் ஃபேக்டரிகளுக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி. அப்போதுதான் அது வேண்டும், இது மாற்ற வேண்டும் என்று போன் வரும். முதல் வருஷம் மதுரை வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் அவள் டிக்கெட்டே போடவில்லை.

இந்த வருஷம் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு. பத்து நாள் லீவு கேட்டாள்.

கதிர் கெட்டவர் இல்லை. கத்திப் பேசக்கூடத் தெரியாது. "நீங்க இல்லாம சிடி போட முடியும்னா தாராளமா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். நம் ஊரில் முடியாது என்பதை இப்படித்தான் மரியாதையாகச் சொல்லுவோம். 

ஸ்டெல்லா அதை அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சில வாரங்கள் மாடிக்குப் பெட்டி பெட்டியாக ஏறியது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வந்தது. அது சர்வர். இனி யார் எதை எழுதினாலும் அதில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழையது வேண்டுமென்றால் அதையும் எடுத்துக் கொடுக்கும். எல்லாம் நம் கட்டடத்துக்குள்ளேயே. வெளியூர்க் கம்பெனி எதிலும் இல்லை.

கூடவே இன்னும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்று என் ஆபீஸில் சும்மா கிடந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சர்வரில் புதிதாக ஏதாவது வந்து விழுந்தால், இந்த இரண்டும் அதை எடுத்து, மொத்தப் புரோகிராமையும் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லிவிடும். யாரும் கூப்பிட வேண்டாம். காபி குடிக்கப் போகாது. ஊருக்கும் போகாது.

அந்த இரண்டுக்கும் ஸ்டெல்லா பெயர் வைத்தாள். பழனியம்மாள் ஒன்று, பழனியம்மாள் இரண்டு.

பழனியம்மாள் என் யூனிட்டில் செக்கிங் பார்க்கிற சூப்பர்வைசர். அவர் கண்ணில் படாமல் ஒரு தையல் பிசகு வெளியே போனதில்லை. வாயும் அப்படித்தான். செய்தி கேட்டு மாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டும் எப்பப் பாத்தாலும் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குதுங்க. எம்பட பேரு வெச்சா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு வருகிற ஒரே வியாதி பஞ்சு. துணியிலிருந்து பறக்கிற பஞ்சு ஃபேனில் போய் அடைத்துக்கொள்ளும். மெஷின்களைச் சுத்தம் செய்கிற கம்ப்ரசர் காற்றை அதற்குள் அடிக்கலாமா என்று கேட்டேன். ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளி வருமாம். பெயிண்ட் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். கதிர் தன் பங்குக்கு சர்வரின் நெற்றியில் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, முருகன் படம் ஒன்றை மேலே சாய்த்து வைத்தார். காற்று போகிற ஓட்டையை மறைக்காமல் வையுங்கள் என்று ஸ்டெல்லா முருகனைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

கடைசியாகத்தான் பல்பு வந்தது.

பிரிண்டர் ஒயர் செருகுகிற இடத்திலிருந்து ஒரு சின்ன போர்டு வழியாக லைன் இழுத்து, படிக்கட்டின் மேல் இரண்டு பல்பு மாட்டினாள். புரோகிராம் சரியாக இருந்தால் பச்சை. எங்காவது முட்டினால் சிவப்பு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றாள். கீழே என் மேஜையிலிருந்து பார்த்தாலே தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்றும் புரியாவிட்டாலும் ஒரு விஷயம் நல்லபடியாக இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வது எவ்வளவு நிம்மதி!

ஆனாலும் கதிர் முழுசாக நம்பவில்லை. நம்ப ஒரு வழி சொன்னார்.

"ஒரு வாரம் நீங்க மாடி ஏற வேண்டாம். ஊருக்குப் போயிட்ட மாதிரி. போனும் எடுக்காதீங்க. அந்த வாரம் ஓடிருச்சுன்னா டிக்கெட்டு போட்டுக்குங்க. நீங்க ஏறி வந்து கைவெச்சீங்கன்னா... லீவப் பத்தி அப்புறம் பேசிக்கலாமுங்க."

அதாவது, லீவுக்கு ரிகர்சல். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஹாஸ்டலில் தனியாக உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் என் யூனிட்டுக்கு வந்து செக்கிங் டேபிளில் உட்கார்ந்துகொண்டாள். பழனியம்மாள் பக்கத்தில் இடம் கொடுத்தார். பனியன் மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"ஏனம்மிணி, கம்ப்யூட்டரு படிச்ச புள்ளைக்கு ஒரு பீஸு நேரா மடிக்க வரலீங்களே."

"அக்கா, நான் மடிச்சது நேராத்தான் இருக்கு. உங்க டேபிளுதான் கோணலு."

"வாய்க்குத்தான் தையலு போட முடியாது உனக்கு."

இரண்டு மூன்று நாள் இப்படியே நல்லபடியாகப் போயிற்று. பல்பு சில சமயம் சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் பச்சையாகும். சிவப்பாகும்போது ஸ்டெல்லாவின் கை மடிப்பதை நிறுத்திவிடும். பச்சையானதும் மறுபடி மடிக்கும். அவளைப் பார்த்தால் போதும், பல்பைப் பார்க்க வேண்டாம்.

அடுத்த நாள் காலையில் சிவப்பு வந்தது. போகவே இல்லை.

டீ நேரம் வந்தது, சிவப்பு. சாப்பாட்டு நேரம் வந்தது, சிவப்பு. மாடிக்கு ஏறி இறங்குகிற ஆட்களெல்லாம் என்ன இது, சாமி ரூமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

சிவப்பு எரியவில்லை. பச்சையும் எரியவில்லை.

நன்றாகப் பார்த்தேன். சிவப்பு பல்பு இருந்த இடத்தில் வெறும் ஹோல்டர்தான் இருந்தது.

ஸ்டெல்லாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த பனியன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பெருமாநல்லூர் ஃபேக்டரிக்கு இன்னிக்கு சாயந்தரம் புது சிடி குடுக்கேன்னு சார் சொல்லிருக்காவ. அவங்க பெட்டி கட்டுற முறை புதுசு. அதுக்காகத்தான் ஏதோ மாத்திருப்பாவ. மாத்தினது வேற எங்கயோ முட்டுது" என்றாள் மெதுவாக.

"அப்ப செவப்பு எரியறப்ப அந்த சர்வரு சிடி போட விடாதில்லீங்களா?" என்று கேட்டேன்.

"சர்வரு விடாது. பழைய மாதிரி அவர் மெஷின்லயே போட்டா யாரு தடுப்பா? நான் படியேறினா என் லீவு போச்சு, அண்ணாச்சி. ஏறலன்னா அந்த ஃபேக்டரியில தப்பாப் பெட்டி கட்டி அனுப்பிருவாவ. ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு நல்லா இருக்காது."

பழனியம்மாள் ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "ஸ்டிக்கர உரிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது."

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். செக்கிங்கில் ஒரு பீஸில் குறை தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். அதைச் சரிசெய்கிற டெய்லர், வேலையை முடித்துவிட்டு ஸ்டிக்கரை எடுத்துவிடுவார். ஸ்டிக்கர் இல்லாத பீஸ் நல்ல பீஸ். இதுதான் வழக்கம். ஆனால் வண்டி வாசலில் நிற்கும்போது, சில கம்பெனிகளில், தையலைத் தொடாமல் ஸ்டிக்கரை மட்டும் எடுத்துவிடுவதும் உண்டு. அந்தப் பீஸும் பார்க்க நல்ல பீஸ் மாதிரியே இருக்கும்... பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும்.

கதிர் பிறந்து வளர்ந்தது பனியன் கம்பெனியில். கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. வேறு ஊர்க்காரராக இருந்தால் புரோகிராமில் ஏதாவது சமாளித்திருப்பார். பல்பைக் கழற்றத் தோன்றியிருக்காது.

யாராவது மேலே போக வேண்டும். ஸ்டெல்லா போகக் கூடாது. பழனியம்மாள் போனால் ஊருக்கே கேட்கும். மிச்சம் யார்?

எனக்கு நாலு வார்த்தை எழுத வருகிற அளவுக்குப் பேச வராது. அதிலும் இன்னொருவர் வேலையைப் பற்றி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், ஒரு இன்ஜினியரிடம் போய் என்ன சொல்ல? படியில் பாதி ஏறி, குடிக்கத் தண்ணீர் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். என் யூனிட்டிலேயே தண்ணீர் இருக்கிறது.

போனேன். கதிர் தன் மேஜையில் சிடி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப்பை முட்டை வைத்த மாதிரி உப்பியிருந்தது.

"கதிரு... படிக்கட்டுல லைட்டு எரியலீங்களே" என்றேன்.

"ஃபியூஸ் போயிருச்சுங்ண்ணா."

நான் அந்தச் சட்டைப்பையையே பார்த்தேன். பிறகு எப்படியோ என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பையில இருக்கறது புதுசுங்களா, பழசுங்களா?"

கதிர் குனிந்து தன் பையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். பல்பை எடுத்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார். சூடு ஆறாமல் பையில் போட்டிருப்பார் போல. துணியில் லேசாக மஞ்சள் கறை இருந்தது.

"நான் எழுதின பாகத்துலதானுங்ண்ணா முட்டுது. முன்னாடி நானே எழுதினது. இப்பப் பாத்தா எனக்கே புரிய மாட்டேங்குது. ஸ்டெல்லா வந்தா அரை நாள்ல முடிச்சிரும்."

"கூப்பிடட்டுங்களா?"

"வேண்டாமுங்க." பல்பை விரலால் உருட்டினார். "கூப்பிட்டா லீவு இல்லைன்னு ஆயிரும். பாவம், அக்கா கல்யாணம். ஆனா நெசமாச் சொல்லட்டுங்களா? அது படியேறி வந்துரோணும்னுதான் காலையில இருந்து உட்கார்ந்திருக்கறேன்."

பேசாமல் இருப்பவன் முன்னால்தான் மனுஷர்கள் மிச்சத்தையும் பேசுகிறார்கள்.

"முன்னெல்லாம் எல்லாமே அந்தப் புள்ள தலைக்குள்ள இருந்துச்சுங்ண்ணா. அதனால போக முடியல. இப்ப எல்லாத்தையும் எறக்கி இந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருச்சு. இனி எதுக்குங்க அது திரும்பி வரோணும்? பெங்களூர்ல கூப்பிட மாட்டாங்களா?"

அதுதான் விஷயம்.

இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற டெய்லர்கள் திரும்பி வருவார்களா என்பது இந்த ஊரில் ஒவ்வொரு முதலாளியும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. என் யூனிட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. கத்தரியை மெஷினிலேயே வைத்துவிட்டுப் போனால் வருவார். பையில் போட்டுக்கொண்டு போனால் வரமாட்டார். கிளம்புகிற அன்று நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், கத்தரியைத்தான் பார்ப்பேன்.

"எங்க டெய்லருங்கள்ல, கத்தரிய எடுத்துட்டு ஊருக்குப் போனவனும் வந்திருக்கானுங்க. வெச்சுட்டுப் போனவன் வராமயும் இருந்திருக்கான். மூணு கத்தரி இன்னும் எங்கிட்டத்தான் இருக்குதுங்க" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் மாடியேறிச் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

கதிர் சிடியைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து ஜன்னல் திட்டில் போட்டுவிட்டு, பெருமாநல்லூருக்குப் போன் செய்தார். "இன்னிக்கு முடியாதுங்க. சரியா வரலீங்க. சரியானதும் நானே கொண்டாந்து போட்டுத் தர்றனுங்க." அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. "ஆமாங்க... ஆமாங்க... தப்புத்தானுங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வைத்தார். 

நான் பல்பை எடுத்துக்கொண்டு போய் மறுபடி ஹோல்டரில் மாட்டினேன். பளிச்சென்று சிவப்பு. கீழே பார்த்தேன். ஸ்டெல்லா ஒரு பனியனை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

சிவப்பைப் பார்த்து ஒருத்தி நிம்மதியானதை அன்றுதான் பார்த்தேன்.

அன்று முழுக்கச் சிவப்புதான். மறுநாள் காலையிலும் சிவப்பு. மாடியில் கதிர் தனியாக முட்டிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை பச்சையாகி உடனே சிவப்பானது. "போச்சு" என்றார் பழனியம்மாள். பிரேக் முடிந்து மெஷின்கள் எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்த நேரத்தில் பச்சை வந்தது. வந்தது அப்படியே நிலைத்தது. ஸ்டெல்லா மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அப்போது அவள் மடித்தது ஒன்றுகூட நேராக இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதிர் இறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. செக்கிங் டேபிள் முன்னால் வந்து நின்றார்.

"டிக்கெட்டு போட்டுக்குங்க" என்றார்.

"போட்டாச்சு சார். போன மாசமே" என்றாள் ஸ்டெல்லா. "வர்றதுக்கும் சேத்துத்தான்."

கதிர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நூல்கண்டைப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு எங்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாள். நான் வழக்கம்போல, யூனிட்டை விட்டு எப்படி வர, நான் ஒருநாள் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது என்று இழுத்தேன். பழனியம்மாள் விடவில்லை.

"ஏனுங்க, நீங்க ஊருக்குப் போனா ஊசியெல்லாம் ஒடஞ்சிருமுங்களா? போயிட்டு வாங்க. உங்களுக்கும் ஒரு ரிகர்சல் வெச்சாத்தான் தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். நான் இல்லாவிட்டால் நடக்காது என்பதை நாம் எல்லோரும் ஒரு குறையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் சொல்லும்போது வாய் எவ்வளவு இனிக்கிறது! தான் இல்லாமலும் நடக்கட்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்ய ஸ்டெல்லா மாதிரி ஒருத்திக்குத்தான் முடிகிறது. அவளுக்கு அக்கா கல்யாணம் இருந்தது. நமக்கு அப்படி ஒன்று இருந்தால் நாமும் செய்வோமோ என்னவோ.

போனேன். பனங்காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன கிறிஸ்தவக் கோயில். நல்ல கல்யாணம். பந்தியில் ஸ்டெல்லாதான் பரிமாறினாள். அவளுடைய போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவளும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

சொன்ன நாளில் திரும்பி வந்துவிட்டாள். அவள் ஊர்ப்பக்கத்து மஸ்கோத் அல்வா மாடிக்கு ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. கதிருக்கு மனசு கேட்கவில்லை, கேட்டேவிட்டார். எல்லாம்தான் சர்வர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதே, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று.

"பெட்டிக்குள்ள இருக்கது போன மாசம் வரைக்கும் செஞ்சதுல்லா சார். இந்த மாசத்த யாரு செய்வா?" என்று கேட்டுவிட்டுப் பிரஷை எடுத்துக்கொண்டு பழனியம்மாள் இரண்டின் பஞ்சைத் தட்டப் போய்விட்டாள்.

என் ரிகர்சல் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா?

கல்யாண வீட்டிலிருந்து யூனிட்டுக்கு நான் விடாமல் போன் போட்டேன். யாருமே எடுக்கவில்லை... வேலை மும்முரத்தில் காதில் விழவில்லையாம்.